கருமுடியில் சிறுத்தைப் புள்ளி: முதல்முறை தலையில் டிசைன் போடுபவர்களுக்கு

தலையில் சதுரங்கக் கட்டம், மின்னல் கீற்று, சிறுத்தைப் புள்ளி என்று விதவிதமாகச் சாயம் தீட்டிக்கொண்டவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு நாமும் செய்தால் என்ன என்று தோன்றுவது இயல்புதான். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அந்த வீடியோக்களில் பல, ஏற்கெனவே வெளுத்த முடியிலிருந்து தொடங்குகின்றன. நாம் கருகருவென்ற முடியிலிருந்து தொடங்க வேண்டும். கறுப்பின் மேல் நீலத்தைத் தடவினால் வெயிலில் நிற்கும்போது லேசாக ஒரு நீலப் பளபளப்பு தெரியும், அவ்வளவுதான். இப்படி மேலே தடவும் வண்ணச் சாயம் முடியை வெளிற வைக்காது, இருக்கிற நிறத்தின் மேல் படியும். ஆகவே முதலில் ப்ளீச், அப்புறம்தான் சித்திரம்.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ராட்மேனின் தலை 1990களில் அவருடைய ஆட்டத்துக்கு இணையாகப் பேசப்பட்டது. 1993இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தபோது பொன்னிறமாக்கிக்கொண்டார். 1995 பிளேஆஃப் ஆட்டங்களில் எய்ட்ஸ் விழிப்புணர்வின் சிவப்பு ரிப்பனைத் தலையிலேயே வரைந்துகொண்டு களமிறங்கினார். அவருக்கும் பிறவியில் கருமுடிதான். ஒட்ட வெட்டிய முடி, அதை வெளுத்து அதன் மேல் சாயம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்த வரிசையை அப்படியே பின்பற்றலாம். குட்டை முடி புதிதாக முளைத்தது என்பதால் பழைய சாயம், சூடு, கெமிக்கல் எதுவும் அதில் ஏறியிருக்காது. சொதப்பினாலும் ஒரு மாதத்தில் வெட்டி எறிந்துவிடலாம். இடுப்பு வரை வளர்ந்த கூந்தலில் சொதப்பினால் அதைச் சரிசெய்ய வருஷக்கணக்காகும்.

அதனால் இந்தக் கட்டுரை குட்டை முடியை வைத்தே போகிறது. நீள முடிக்காரர்கள் ஏமாற வேண்டாம். பிடரிப் பகுதியை மட்டும் ஒட்ட வெட்டி அங்கே டிசைன் போட்டுக்கொண்டால், மேல்முடியை அவிழ்த்துவிட்டால் மறையும், கொண்டை போட்டால் தெரியும். கலர் அடித்த தலையைக் கண்டால் முகம் சுளிக்கிற கல்லூரிகளும் அலுவலகங்களும் இருக்கிற ஊரில் இது பெரிய வசதி.

என்ன டிசைன், எந்த நிறம்

பலரும் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற மாதிரி முடியை வெளுக்கப் பார்க்கிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். உங்கள் முடி எந்த வெளுப்பு வரை பத்திரமாகப் போகும் என்று தெரிந்துகொண்டு, அந்த வெளுப்புக்கு ஏற்ற டிசைனைத் தேர்ந்தெடுங்கள்.

சலூன்காரர்கள் முடியின் நிறத்தை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள். 1 என்றால் கறுப்பு, 10 என்றால் மிக வெளிறிய பொன்னிறம். நம்மில் பெரும்பாலோர் 1 அல்லது 2. ப்ளீச் போட்டதும் முடி ஒரேயடியாக வெள்ளையாகாது. முதலில் செங்கல் நிறம், பிறகு செம்பு, பிறகு பளிச்சென்ற ஆரஞ்சு, அதற்கப்புறம்தான் மஞ்சள். கடைசியாக, வாழைப்பழத் தோலின் உட்புறம் மாதிரி ஒரு வெளிர்மஞ்சள். அதையும் தாண்ட நினைத்தால் முடி நைந்துபோகும்.

வெளிர்நீலம், இளஞ்சிவப்பு, சாம்பல், வெள்ளி இதெல்லாம் அந்தக் கடைசி வெளிர்மஞ்சளில்தான் எடுபடும். அதிலும் நீலத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை என்பது பள்ளிக்கூடத்து வாட்டர்கலர் பெட்டியில் பார்த்ததுதான், அது தலையிலும் நடக்கும். மஞ்சள் தங்கிய முடியில் வானநீலம் பூசினால் பாசி நிறத்தில் வந்து நிற்கும். மாறாக சிவப்பு, ஆரஞ்சு, அடர்பச்சை, அடர்ஊதா எல்லாம் ஆரஞ்சு கலந்த மஞ்சளிலேயே நன்றாக உட்காரும்.

இப்படிப் பார்த்தால் நம் முடிக்கென்றே செய்து வைத்த டிசைன் சிறுத்தைப் புள்ளி. ஒரு ப்ளீச்சில் வருகிற அந்தப் பித்தளை மஞ்சளைப் பார்த்து மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். சிறுத்தைக்கோ அதுதான் உடம்பின் நிறம். டோனர் போட்டு மஞ்சளை அடக்குகிற வேலையே இல்லை.

பக்கத்துப் பக்கத்தில் வருகிற நிறங்களையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அலசும்போது ஒன்றின் சாயம் மற்றதில் கொஞ்சமாவது இறங்கும். சிவப்பும் மஞ்சளும் கலந்தால் ஆரஞ்சு, பார்க்க அழகாகவே இருக்கும். சிவப்பும் பச்சையும் கலந்தால் சேற்று நிறம். அவற்றுக்கு நடுவே ஒரு விரல் அளவு கறுப்பை அப்படியே விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. நம் முடியில் கறுப்பு இலவசம், அதையும் ஒரு நிறமாகக் கணக்கில் வையுங்கள். பட்டை, பாதித் தலை, பெரிய முக்கோணம் போன்ற பெரிய வடிவங்களில் வெளுக்காமல் விட்ட கறுப்பே போதும். சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு மட்டும் இந்த உத்தி உதவாது. ப்ளீச் ஊறும்போது உப்பிப் பரவி ஓரத்தைக் கலைத்துவிடும். அப்படிப்பட்ட டிசைனுக்கு முழுவதையும் வெளுத்துவிட்டு அடர்நிறத்தை மேலே வரைவதுதான் சரி.

தாளில் வரைந்து பாருங்கள்

பிடரியையும் பக்கவாட்டையும் போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து பாருங்கள். தட்டைத் தாளில் அழகாக வந்த கட்டம் உருண்டைத் தலையில் காதுப் பக்கம் போனதும் இழுபடும். பெரிய ஸ்டென்சில் (உருவம் வெட்டிய அச்சு அட்டை) ஒன்றை வைப்பதைவிடச் சின்ன ஸ்டென்சிலை நகர்த்தி நகர்த்தி வைப்பதே மேல் என்பது அதனால்தான்.

சுழி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். சுழியைச் சுற்றி முடி திசை மாறிப் படுப்பதால் நேர்கோடு அங்கே உடையும். இரட்டைச் சுழிக்காரருக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். கல்யாணம் எப்படியோ, டிசைனுக்கு நிச்சயம் இரண்டு மடங்கு வேலை. நேர்கோடும் கட்டமும் சுழியைத் தவிர்க்கட்டும். புள்ளி டிசைனுக்கு அந்தக் கவலை இல்லை.

நாள் கணக்கும் முக்கியம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். கிளிப்பரில் 3ஆம் எண் போட்டு வெட்டினால் முடி சுமார் 1 செ.மீ. நீளம் நிற்கும். மூன்று வாரத்தில் அடியில் முக்கால் செ.மீ. வரை கறுப்பு முளைத்து, டிசைன் நுனிக்கு ஏறிவிடும். ஆக, இதன் ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான். ஏதாவது விசேஷத்துக்காகச் செய்வதானால் அதற்கு இரண்டு நாள் முன்பு வைத்துக்கொள்ளுங்கள். முடிவெட்டு அதற்கும் இரண்டு நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். கிளிப்பர் கீறிய தோலில் ப்ளீச் பட்டால் உயிர் போகும்.

மருதாணி போட்டவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகவும்

நம் ஊரில் மருதாணி, அவுரி, கறுப்பு மெஹந்திப் பாக்கெட், நரைக்கு அடிக்கும் டை என்று எதையாவது தலையில் போட்ட பழக்கம் பலருக்கு உண்டு. ப்ளீச்சுக்கு இந்த வரலாறு தெரிந்தாக வேண்டும். சுத்தமான மருதாணி இலை ஆபத்தில்லை, ஆனால் அந்தச் செம்மை லேசில் போகாது. அவுரி கலந்து போட்டிருந்தால் ப்ளீச்சில் பச்சையாகத் திரும்பக்கூடும். மோசமானது, உலோக உப்பு கலந்த பொடிகளும் டைகளும். ப்ளீச்சில் இருக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடோடு அந்த உலோகம் சேர்ந்தால் முடி சூடாகி, சில சமயம் புகையே வரும். பாக்கெட்டில் ‘ஹெர்பல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. பிடரியிலிருந்து ஒரு சிட்டிகை முடியை வெட்டி, பிளாஸ்டிக் கப்பில் கொஞ்சம் ப்ளீச் கலவை போட்டு அதில் அமிழ்த்துங்கள். கப் கைக்குச் சூடாகத் தெரிந்தாலோ, கலவை பொங்கினாலோ அந்த முடிக்கு ப்ளீச் கிடையாது, வளர்ந்து வெட்டிய பிறகுதான். ஒன்றும் ஆகவில்லை என்றால் அதே முடியை ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் ஆரஞ்சு, எத்தனை நிமிடத்தில் மஞ்சள் என்று குறித்து வையுங்கள். வெளுக்கும் நாளுக்கான கால அட்டவணை அதுதான்.

தோல் சோதனையும் வேண்டும். காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ, போடப்போகும் சாயத்தில் ஒரு துளி தடவி 48 மணி நேரம் விடுங்கள். அரிப்பு, சிவப்பு, தடிப்பு எது வந்தாலும் அந்தச் சாயத்தைத் தூக்கிப் போடுங்கள். முன்பு ஏதாவது டை போட்டு முகம் வீங்கியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் தோல் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். ப்ளீச் பொடியில் இருக்கும் பெர்சல்ஃபேட்டின் தூசி சிலருக்கு இழுப்பைக் கிளப்பும்.

வாங்க வேண்டியவை

ப்ளீச் பொடி, அதோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர் (20 வால்யூம்), டின்ட் பிரஷ், பிளாஸ்டிக் கிண்ணம், கையுறை, வாஸ்லின், பழைய துண்டு. உலோகக் கிண்ணமும் ஸ்பூனும் கூடாது. டெவலப்பர் பாட்டிலில் எழுதியிருக்கும் வால்யூம் என்பது பெராக்சைடின் வீரியம்: 10 என்றால் 3%, 20 என்றால் 6%, 30 என்றால் 9%, 40 என்றால் 12%. சீக்கிரம் வெளுக்கும் என்று 40ஐ வாங்காதீர்கள். குட்டை முடியில் ப்ளீச் முழுக்கத் தோலிலேயே உட்காரும், அதற்கு 20 போதும்.

சாயம் செமி பெர்மனென்ட் (அலச அலச மங்கிப்போகும்) வகையாக, டெவலப்பர் கலக்கத் தேவையில்லாததாக இருக்கட்டும். நியூயார்க்கில் பெல்லோமோ சகோதரிகள் 1977இல் தொடங்கிய மேனிக் பேனிக் கடை பிரபலமாக்கியது இந்த வகையைத்தான். இப்போது இந்தியாவிலேயே தயாராகும் பிராண்டுகளும் ஆன்லைனில் கிடைக்கின்றன. சிறுத்தைக்கு அடர்பழுப்பு, கறுப்பு இரண்டும் வேண்டும். கறுப்புக்கும் இதே வகையையே வாங்குங்கள். நரைக்கு அடிக்கும் நிரந்தரக் கறுப்பு டையை வெளுத்த முடியில் ஏற்றினால் பிறகு அதை எடுப்பது பெரும்பாடு.

புள்ளி வைக்க இரண்டு ஓவியப் பிரஷ் போதும், ஒன்று மெல்லியது, ஒன்று தட்டை முனை. நட்சத்திரம், மின்னல் மாதிரி உருவம் வேண்டுமானால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமையோ பிளாஸ்டிக் ஃபைல் அட்டையையோ பிளேடால் வெட்டி ஸ்டென்சில் செய்துகொள்ளலாம். நன்றாக வளையும், ஈரத்தில் ஊறாது.

வெளுக்கும் நாள்

முந்தைய நாள் தலைக்குக் குளிக்காதீர்கள். தோலில் சுரக்கும் எண்ணெய் கொஞ்சம் காவல். ஜன்னலைத் திறந்து வையுங்கள். காது, நெற்றி, கழுத்து ஓரங்களில் வாஸ்லின் தடவுங்கள். பிடரியில் செய்வதானால் இன்னொருவர் கை கட்டாயம் வேண்டும். இரண்டு கண்ணாடிகளை வைத்துச் சமாளிக்கலாம் என்பது வீடியோவுக்குத்தான் நன்றாக இருக்கும்.

பாக்கெட்டில் சொன்ன அளவில் கலக்குங்கள். பெரும்பாலும் பொடி ஒரு பங்கு, டெவலப்பர் இரண்டு பங்கு. கெட்டித் தயிர் பதத்தில், பிரஷ்ஷைத் தூக்கினால் வழியாமல் நிற்க வேண்டும். டிசைனின் ஓரம் கூர்மையாக வர வேண்டிய இடத்தில் சற்றுக் கெட்டியாகவே இருக்கட்டும். முடி படுத்திருக்கும் திசைக்கு எதிராக ஒருமுறை, திசையோடு ஒருமுறை தடவினால் அடிமுடி விடுபடாது. தாராளமாகப் போடுங்கள், ப்ளீச் காய்ந்துவிட்டால் வேலை நின்றுவிடும். மேலே ஷவர் கேப் போட்டுவிட்டால் காயாது.

பத்து நிமிடம் கழித்து ஓர் ஓரத்தில் டிஷ்யூவால் ப்ளீச்சைத் துடைத்துப் பாருங்கள். செங்கல் நிறம் தெரியும். துடைத்த இடத்தில் மறுபடி ப்ளீச் வையுங்கள். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆரஞ்சு வந்துவிடும், பதற்றமும் அதோடு சேர்ந்து வரும். பலர் அலறியடித்துக்கொண்டு கழுவப் போவது இந்தக் கட்டத்தில்தான். பொறுங்கள். லேசான அரிப்பு, குறுகுறுப்பு இருக்கலாம். எரிச்சல் தாங்க முடியாமல் போனால் மட்டும் நேரம் பார்க்காமல் கழுவிவிடுங்கள். மற்றபடி மஞ்சள் தெரிந்ததும் நிறுத்துங்கள். மஞ்சள் வராவிட்டாலும் பாக்கெட்டில் சொன்ன அதிகபட்ச நேரத்தைத் தாண்டாதீர்கள். ஆரஞ்சிலேயே நின்றுவிட்டதா? இருக்கட்டும், சிறுத்தை கொஞ்சம் சிவந்த சிறுத்தையாக இருந்துவிட்டுப் போகட்டும். அதே நாளில் இரண்டாவது ப்ளீச் வேண்டாம், இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

மீந்த கலவையை மூடி போட்டு வைக்கக் கூடாது. அது வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருப்பதால் டப்பா வெடிக்கலாம். தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றிவிடுங்கள்.

நீள முடியை வெட்டாமல், அதன் அடிப்பக்கத்துப் பட்டையை மட்டும் வெளுப்பவர்களுக்கு ஒரு மாற்றம். வேரிலிருந்து இரண்டு செ.மீ. விட்டுவிட்டு நடுப்பகுதியில் தொடங்குங்கள், வேருக்குக் கடைசியில் வாருங்கள். தலைச்சூட்டில் வேர் சீக்கிரம் வெளுத்துவிடும். வெளுத்த ஒரு முடியை ஈரத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் நல்லது. நீண்டுகொண்டே போய் அறுந்தால், இனி அந்த முடிக்குக் கண்டிஷனரைத் தவிர எதுவும் கூடாது.

புள்ளி வைப்பது

ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் போடாமல், முழுக்கக் காய வையுங்கள். ஈரம் இருந்தால் சாயம் ஊறிப் பரவி ஓரம் மங்கும்.

சிறுத்தையின் புள்ளி முழு வட்டமில்லை. நடுவில் ஒரு பழுப்புத் திட்டு, அதைச் சுற்றி இரண்டு மூன்று உடைந்த கறுப்பு வளைவுகள். நேரே கறுப்பு வட்டமாக வைத்துக்கொண்டே போனால் டால்மேஷன் நாய்தான் வரும். முதலில் பழுப்புத் திட்டுகளை வையுங்கள். கட்டைவிரல் நகத்தில் பாதி அளவு, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் சில நீள்வட்டம், சில அவரை விதை வடிவம். உச்சிப் பக்கம் பெரிதாகவும் கழுத்துப் பக்கம் போகப் போகச் சிறிதாகவும் வைத்தால் இயல்பாக இருக்கும். அப்புறம் மெல்லிய பிரஷ்ஷில் கறுப்பை எடுத்து ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் வளைவு போடுங்கள், இடையில் திறப்பு விடுங்கள். பிரஷ்ஷை இழுக்காமல் மேலிருந்து ஒற்றி எடுத்தால் முடியின் நுனி மட்டுமல்லாமல் அடி வரைக்கும் சாயம் இறங்கும். இழுத்து வரைந்தால் மேல்முடி மட்டும் கறுத்து, தலையைத் திருப்பும்போது மஞ்சள் எட்டிப் பார்க்கும். நாலைந்து புள்ளிக்கு ஒருமுறை இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். மீதி இருக்கும் பெரிய இடைவெளிகளில் வெறும் கறுப்புத் துணுக்குகள் சில.

ஸ்டென்சில் என்றால் ஒருவர் அதைத் தலையோடு அழுத்திப் பிடிக்க, மற்றவர் தட்டை முனை பிரஷ்ஷால் ஒற்ற வேண்டும். நேர்மேலே தூக்கி எடுங்கள், பக்கவாட்டில் நகர்த்தினால் போச்சு. அடுத்த இடத்தில் வைப்பதற்கு முன் ஸ்டென்சிலின் அடிப்பக்கத்தைத் துடைப்பது மறக்கக்கூடாத வேலை.

நீள முடியில் ஸ்டென்சில் டிசைனை நான் சிபாரிசு செய்வதில்லை. மாட்ரிட்டின் எக்ஸ்-பிரஷன் என்ற முடி அலங்காரக் குழு செய்து காட்டிய, சதுரச் சதுரமாக நிறம் வைத்த பிக்சல் முடி நேரில் அசத்தும்தான். ஆனால் முடி அளவுகோல் வைத்த மாதிரி நேராகப் படுத்திருக்கும் வரைக்கும்தான் சதுரம் சதுரமாகத் தெரியும். சுருண்ட முடியில், காற்றடிக்கிற பஸ் ஸ்டாப்பில், அது வெறும் கலங்கல்.

அலசும் விதம்

நல்ல டிசைன்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் குளியலறையில்தான். சாயப் பாக்கெட் சொல்லும் நேரம் முடிந்ததும் ஈர டிஷ்யூவால் ஒவ்வொரு புள்ளியிலும் தங்கியிருக்கும் சாயத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அடுத்து மஞ்சள் பகுதிகளில் கண்டிஷனரைக் கெட்டியாகப் பூசிவிடுங்கள். வழிந்து வரும் கறுப்பு மஞ்சளில் ஏறாமல் அது தடுக்கும். பிறகு தலையைக் குனிந்துகொண்டு குளிர்ந்த தண்ணீரை வேகமாக விட்டு, தெளிவாக வரும் வரை அலசுங்கள். வெந்நீர் கூடவே கூடாது. வெளிர் டைல்ஸில் தெறித்ததை அப்போதே துடைத்துவிடுங்கள், வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகு

ஷாம்புவை வாரத்துக்கு இரண்டோடு நிறுத்துங்கள், சல்ஃபேட் இல்லாததாகப் பாருங்கள். எண்ணெய்க் குளியல்தான் பெரிய எதிரி. எண்ணெய் கெடுதல் செய்யாது, அதைப் போக்க அரக்கித் தேய்க்கிறோமே, அதில்தான் சாயம் இறங்கும். வறண்டு தெரிந்தால் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவினால் போதும். முதல் வாரம் தலையணைக்குப் பழைய உறை போடுங்கள். வெயிலும் நீச்சல்குளத்துக் குளோரினும் நிறத்தை அடித்துவிடும், தொப்பி நல்லது.

அலுத்துவிட்டால் திரும்பக் கறுப்புக்குப் போவது எப்படி? வெளுத்த முடியில் நேரே பழுப்பு டை அடித்தால் பச்சையும் சாம்பலுமாக ஒரு நிறம் வரும், காரணம் முடிக்குள் இருந்த செம்மை போய்விட்டது. முதலில் செம்பு நிறச் சாயம் ஒன்றை ஏற்றி அதன் மேல் அடர்நிறத்தைப் போட வேண்டும், நீள முடியென்றால் அதைச் சலூனில் விடுவதே உத்தமம். குட்டை முடிக்கு அந்தச் செலவே இல்லை. ஒரு மாதம் வளர விட்டு, கிளிப்பரில் 2ஆம் எண்ணைப் போட்டு ஓட்டினால் தரையில் சிறுத்தை, தலையில் கறுப்பு.